சீதாலெட்சுமியின் கட்டை விரல்

சீதாலெட்சுமிக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்த நேரத்தில் அவள் போர்ட் கிள்ளான் கிடங்கில் நின்று சோப்புப் பெட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அன்று பாசாரில் கோழி கிலோ ஒன்பது வெள்ளி நாற்பது சென். குழந்தையின் எடை இரண்டு கிலோ தொள்ளாயிரம். கல்யாணமாகி ஒன்பது வருடமாக வயிற்றில் ஒரு புழு பூச்சி தங்காத அவளுக்கு, முப்பத்தாறு வயதில், பெட்டிகளுக்கு நடுவே சட்டை நனைந்தது. மழை ஒழுகுகிறது என்று கூரையைப் பார்த்தாள். கழிவறைக்குப் போய்ப் பார்த்தபோதுதான் அது பால் என்று தெரிந்தது. மாலையில் கிளம்பும்போது வருகைப் பதிவு இயந்திரம் அவள் விரலை ஏற்கவில்லை. "கை ஈரமா இருக்கும் ஆன்டி, தொடைச்சிட்டு வைங்க லா," என்றான் மேற்பார்வையாளன் பிரவின். துடைத்துப் பார்த்தாள். வலது கட்டை விரலில் ஒரு ரேகைகூட இல்லை. கரண்டியின் முதுகைப்போல் வழுவழுப்பாக இருந்தது.

பதிவு அலுவலகத்துக்குப் போனாள். முகப்பில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, பிள்ளை நலமா என்று கேட்டாள். சீதாலெட்சுமி தன் அடையாள அட்டையான ஐசியைக் காட்டி அரசு மருத்துவமனையில் பிரசவித்ததாகவும், தாய் என்று அதே பெயரைப் போட்டுப் பிறப்புப் பத்திரம் எடுத்ததாகவும் அதில் இருந்தது. அப்போதுதான் அவளுக்குப் பழைய கார்டு நினைவுக்கு வந்தது. போன வருடம் சுபாங் ஜெயாவில் ஓர் அடுக்குமாடி வீட்டின் புதுமனை விழாவுக்குப் போயிருந்தாள். வாசல் காவல்கூண்டில் ஐசியை வாங்கித் தட்டில் போட்டுக்கொண்டுதான் உள்ளே விடுவார்கள். வாங்கக் கூடாது என்பார்கள், ஆனாலும் வாங்குவார்கள், எல்லோரும் கொடுப்பார்கள். வாழையிலைச் சாப்பாட்டு மயக்கத்தில் திரும்பும்போது வாங்க மறந்துவிட்டாள். இரண்டு நாள் கழித்துக் கேட்டால் தட்டு காலி. போலீசில் எழுதிக் கொடுக்க அரை நாள் போகுமே என்று, தொலைந்துபோனதாகச் சொல்லிப் புதுக் கார்டு எடுத்துக்கொண்டாள். அந்த அரை நாளை மிச்சம் பிடித்ததுதான் அவள் செய்த தப்பு.

கிள்ளான் போலீஸ் நிலையத்தில் அவள் புகாரை எழுதிக்கொண்டு சார்ஜன் கமலநாதன் சட்டத்தை நிதானமாகச் சொன்னார். அடுத்தவர் ஐசியைத் தன்னுடையதாகக் காட்டினால் மூன்று வருடம்வரை சிறை, அல்லது இருபதாயிரம் வெள்ளிவரை அபராதம், அல்லது இரண்டும். பிறகு அவள் விரலை இயந்திரத்தில் வைக்கச் சொல்லி, சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "கார்டு உங்க கையில இருக்கு. விரல் உங்ககிட்ட இல்ல. ரேகை அந்தப் பொம்பளகிட்ட இருந்தா, மூணு வருஷம் யாருக்குன்னு நான்தான் யோசிக்கணும் அக்கா." சீதாலெட்சுமி விரலைச் சட்டையில் தேய்த்து மறுபடியும் வைத்தாள். விரல் இல்லாமல் கிடங்கு வேலை இல்லை, வங்கி இல்லை. இப்போது அவளே அவள் இல்லை என்றும் ஆகலாம்.

நான்கே நாளில் அந்தப் பெண்ணைப் பிடித்து வந்தார்கள். பெயர் வீரம்மா, அந்த அடுக்குமாடியில் கூட்டிப் பெருக்குபவள். தோட்டத்தில் பிறந்தவள், அப்பன் பதியாமல் விட்டதால் பிறப்புப் பத்திரமும் இல்லை, ஐசியும் இல்லை. மூன்று முறை மனுப் போட்டு மூன்று முறையும் இல்லையென்றார்கள். பிள்ளையின் தகப்பன் ஐந்தாம் மாதத்திலேயே ஓடிவிட்டான். அவள் வலது கட்டை விரலில் ரேகைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு இருந்தன. மடியில் குழந்தை புட்டிப்பாலைத் துப்பிக்கொண்டிருந்தது. வீரம்மாவுக்குப் பால் சுரக்கவே இல்லை.

"புள்ளைய ரோட்டுல பெத்துக்க முடியாதுக்கா."

"அதுக்கு என் பேருதான் கெடைச்சுதா?"

"தட்டுல மத்ததெல்லாம் ஆம்பளைங்க கார்டு," என்றாள் வீரம்மா.

குழந்தை அழுதது. சீதாலெட்சுமியின் சட்டை நனைந்தது. புகாரைத் திரும்ப வாங்குவதென்றால் இப்போதே சொல்லும்படி சார்ஜன் கேட்டார். அவள் கைப்பையால் மார்பை மறைத்துக்கொண்டு, வாங்கவில்லை என்றாள். பல வருடம் அந்த வார்த்தை அவள் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

நீதிமன்றத்தில் வீரம்மா குற்றத்தை ஒப்புக்கொண்டாள். பத்து மாதம் கிடைத்தது. சமூகநல அதிகாரி பத்திரத்தைப் படித்துப் பார்த்து, அதில் தாய் என்று இருந்தவளின் வீட்டில் குழந்தையையும் ஒரு பை துணியையும் கொண்டுவந்து இறக்கினார். லோரி ஓட்டும் அவள் கணவன் லோகன் ஒன்பது வருடம் காத்திருந்த மனிதன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று மட்டும் கேட்டான்.

சிறையில் வீரம்மாவின் விரலைப் பதிந்தபோது இயந்திரம் சீதாலெட்சுமியின் பெயரைக் காட்டியது. அன்று முதல் தண்டனை இரண்டு பேருக்கும் நடந்தது. காலை ஆறு மணிக்குச் சீதாலெட்சுமி எங்கிருந்தாலும் கையைக் கட்டி எழுந்து நிற்பாள், யாரோ எண்ணி முடிக்கும்வரை. மாலை ஐந்துக்கே பசியெடுத்துச் சாப்பிட்டுவிடுவாள். வாசல் கேட்டுக்கு அப்பாலுள்ள கால்வாயைத் தாண்டக் கால் எழவில்லை. லோகன் பின்னாலிருந்து தள்ளிப் பார்த்தான், செருப்புதான் போனது. வேலை போயிற்று. குழந்தை அவள் பாலைக் குடித்துக் கொழுத்தது. இதற்கெல்லாம் சட்டத்தில் பிரிவு இல்லை என்று சார்ஜன் வருத்தத்தோடு சொல்லியனுப்பினார்.

நன்னடத்தைக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்து, ஆறு மாதம் இருபதாவது நாள் காலை, குப்பையைக் கொட்டப் போனவள் கால்வாயைத் தாண்டிவிட்டாள். வீரம்மா வெளியே வந்துவிட்டாள் என்று புரிந்தது. உள்ளே ஓடிக் கேட்டைப் பூட்டினாள். பத்திரத்தின்படி பிள்ளை அவளுடையது. மதியம் வீரம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தொறங்கக்கா. எனக்கும் இன்னைக்குத்தான் தொறந்தாங்க."

"புள்ளைய எடுத்துட்டுப் போயிருவ."

"எங்க போறது? எங்கிட்ட வந்தா அவளுக்கும் பேரு கெடையாது. உங்க வெரலு வேணும்னா நானும் வேணும்."

சீதாலெட்சுமி சாவியைத் திருப்பினாள்.

பத்திரத்தைத் திருத்தினால் பிள்ளை எந்தப் பதிவிலும் இல்லாதவள் ஆவாள். திருத்தாவிட்டால் இரண்டு பேர்மீதும் குற்றம். இன்றுவரை திருத்தவில்லை. வீரம்மா பின்னறையில் இருக்கிறாள். மாதவி என்று பெயரிட்ட அந்தப் பெண் இரண்டு பேரையும் அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்புகிறார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதில்லை.

இந்த வருடம் மாதவிக்குக் கடப்பிதழ் எடுக்கப் பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போனார்கள். சீதாலெட்சுமி நாற்காலியில் உட்கார்ந்து ஐசியை நீட்டினாள். விரலை வைக்கச் சொன்னபோது, பின்னால் நின்ற வீரம்மா அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிக் கட்டை விரலை வைத்தாள். முகப்புக்காரி முகத்தைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள், மாதவியைப் பார்த்தாள். சீதாலெட்சுமிக்கு மூச்சு நின்றது. பின்னால் வீரம்மாவுக்கும் நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது.

"எண்ணெய்ப் பிசுக்கு. தொடைச்சிட்டு வைங்க," என்றாள் அவள்.

சீதாலெட்சுமி தன் துப்பட்டா நுனியால் வீரம்மாவின் விரலைத் துடைத்துவிட்டாள். பச்சை எரிந்தது. முகப்புக்காரி அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள்.