அதே நாளில் இறந்தவர்

குரூப் டூ பரீட்சையில் மூன்று முறை கோட்டை விட்டவளுக்கு வெட்கம் ஏது? அலுவலகத்தில் தபால்களுக்கு எண் போட்டுக்கொண்டே, மேசை இழுப்பறைக்குள் பொது அறிவு நோட்டைத் திறந்து வைத்து முணுமுணுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். 1948-இல் மறைந்தவர்கள்: காந்தி, ஜின்னா, விமானம் கண்டுபிடித்த ஆர்வில் ரைட். இதில் காந்தியும் ரைட்டும் ஒரே நாள், ஜனவரி முப்பது. டீ கொண்டு வந்த முத்துக்கனியக்கா டம்ளரைக் கீழே வைக்காமல் நின்றுவிட்டார்.

"காந்தி செத்த அன்னைக்கா? வேற ஒருத்தருமா?"

"ஆமாக்கா. அமெரிக்காவுல."

"அவருக்கு ஆளுவ வந்தாவளா மக்கா?"

"எதுக்கு?"

"அடக்கத்துக்கு."

நோட்டில் அது இல்லை. எந்தக் கேள்வித்தாளிலும் வராது. தெரியாது என்றேன். அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. அலுவலக உதவியாளராக முப்பத்தொரு வருடம் வேலை பார்த்துவிட்டு அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறப் போகிறவர். இத்தனை நாளில் என் நோட்டை அவர் ஏறிட்டுப் பார்த்ததில்லை.

"எங்கப்பாவும் அன்னைக்குத்தான்" என்றார். "தோவாளையில பூவண்டி அடிச்சவரு. எனக்கு அப்பம் பன்னெண்டு நாளு."

மூன்று நாள் காய்ச்சல். விளக்கு வைக்கிற நேரத்தில் உயிர் போயிருக்கிறது. அதே நேரத்தில்தான் ரேடியோ செய்தியும் ஊருக்குள் வந்தது. மறுநாள் கடைகள் அடைப்பு, பஸ் இல்லை, சொந்தக்காரர்கள் வந்து சேரவில்லை. கைக்குழந்தையோடு அம்மா வீடுவீடாகப் போய்க் கெஞ்சி நாலு பேரைக் கூட்டி வந்தாள். அவர்களும் காரியம் முடிந்த கையோடு காந்தி ஊர்வலத்துக்கு ஓடினார்கள். தெருவெல்லாம் அழுகை. அதில் ஒரு சொட்டுக் கண்ணீர் கூட பூவண்டிக்காரருக்கு இல்லை. அம்மா மகளிடம் வேறு மாதிரி சொல்லி வளர்த்தாள். ஒங்கப்பாவுக்குத்தாண்டி ஊரே அழுதது என்று.

"பள்ளிக்கூடத்துல வருசா வருசம் அந்த நாளு காந்திக்காகப் பதினோரு மணிக்கு எல்லாரும் எழும்பி நிக்கச்சில எனக்குப் பெருமை தாங்காது. மூணாங்கிளாசுல பக்கத்துல இருந்தவகிட்டச் சொல்லிட்டேன். கிளாசே சிரிச்சுது பாத்துக்க." அக்காவும் சிரித்தார். "இப்பவும் நிக்கச்சில எனக்கு அவருதான் மக்கா. காந்தி கோவிச்சுக்கிட மாட்டாரு. ஆனா நாளன்னைக்குதான் கடைசி. அடுத்த வருசம் வீட்டுல நான் ஒருத்தி தனியா நிக்கணும்."

தலைமை எழுத்தர் தாணுலிங்கம் சாரிடம் சொல்லி, அன்றைக்குத் தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழி வாசித்ததும் அக்காவின் அப்பா பெயரையும் ஒரு வரி சொல்லச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"சும்மா இரி ஏட்டி! காந்தி கூட எங்கப்பனா? இன்னொருக்கா சிரிப்பாவ. என்னால தாங்க ஏலாது."

முப்பதாம் தேதி புதன்கிழமை. அதிகாரி மீட்டிங்குக்குப் போய்விட்டதால் தாணுலிங்கம் சார்தான் உறுதிமொழி வாசித்தார். பதினொன்றுக்கு முத்துக்கனியக்கா வராந்தா மணியை ஒரு அடி அடித்தார். எல்லோரும் எழுந்தோம். பட்டாவுக்கு மனு கொண்டு வந்த பெரியவர் ஒருவரும் என்ன ஏது என்று தெரியாமலே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார். இரண்டு நிமிடம் கழித்து அக்கா மறுபடி அடித்தால் உட்காரலாம். வழக்கம் அதுதான்.

இரண்டு நிமிடம் ஆயிற்று. மணி அடிக்கவில்லை. மூன்றாயிற்று. யாரோ இருமினார்கள். வாசல் வழியே அக்காவைப் பார்த்தேன். இரும்புக் கம்பியைப் பிடித்த கை தொங்கிக்கொண்டிருந்தது, கண் மூடியிருந்தது, கன்னம் நனைந்திருந்தது.

தாணுலிங்கம் சார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், வராந்தாவைப் பார்த்தார், கூப்பிடுவதற்கு வாயைத் திறந்தார். மெமோ வந்தால் வரட்டும் என்று நான் அவரைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தேன். ஒரு கணம் முறைத்தார். பிறகு என்ன தோன்றியதோ, தலையைக் குனிந்துகொண்டார்.

பாதி உட்கார்ந்துவிட்ட அந்தப் பெரியவர், சுற்றிப் பார்த்துவிட்டு, பெஞ்சைப் பிடித்து மெல்ல மறுபடி எழுந்து நின்றார்.