சூடு ஆறுவதற்குள்

மாடிப்படியில் தங்கையின் செருப்புச் சத்தம் கேட்டபோது அவருடைய புகைக்குழாய் இன்னும் கனன்றுகொண்டிருந்தது. அவள் மூன்று மணிக்குத்தான் வருவாள். இப்போது ஒன்றரை.

சாம்பலை ஜன்னலுக்கு வெளியே தட்டினார். மேசையில் செய்தித்தாளை விரித்து, ஸ்பிரிட் பாட்டிலையும் பஞ்சு சுற்றிய கம்பியையும் எடுத்து வைத்தார். முதுகெலும்பு அறுவை சிகிச்சைக்கு முன் ஆறு வாரம் புகை கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றே தங்கை குழாயைக் குப்பையில் போடப் பார்த்தாள். "தொடைச்சு மட்டும் வெச்சுக்கறேன், பாப்பா" என்று கெஞ்சி வாங்கிக்கொண்டார். தினமும் துடைத்தார். துடைக்கத் துடைக்க, கம்பியில் வந்த கறுப்புப் பிசினின் வாசனை அவரை ஓரிடத்தில் நிற்கவிடவில்லை. காற்று சரியாக இழுக்கிறதா என்று பார்க்கத்தான் நான்கு நாட்களுக்கு முன் புகையிலையை அடைத்தார். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டார்.

துடைக்கிற வேலை நடப்பதுபோல் தெரிய வேண்டுமானால் குழாய் இரண்டாகக் கிடக்க வேண்டும். வாய்ப்பகுதியைத் திருகினார். சூட்டில் பொருத்து இறுகியிருக்கும் என்று முப்பத்தைந்து வருடம் லேத்தில் நின்ற கைக்குத் தெரியாதா? கை கேட்கவில்லை. வாய்ப்பகுதி முறிந்து, அதன் முனை கிண்ணப் பகுதியின் மரத்துக்குள்ளேயே தங்கிவிட்டது.

"கடையில கரண்ட் இல்ல, அனுப்பிட்டாங்க." தங்கை கைப்பையோடு உள்ளே வந்தாள். மேசையைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். "அடப்பாவமே! தொடைச்சுத் தொடைச்சே கொன்னுட்டியா?"

அவர் எட்டுவதற்குள் கிண்ணப் பகுதியை எடுத்துவிட்டாள். சிரிப்பு நின்றது. இன்னும் சுட்ட அதை மூடிய கைக்குள் வைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு மணி நேரம் ஆறாமல் கழற்றக் கூடாது என்று அவர் எத்தனை முறை அவளிடம் கத்தியிருக்கிறார்.

"எத்தனை நாளா?"

"நாலு."

"நாளைக்கு டாக்டர் என்னைத்தான் கேப்பாரு. உன்னை எங்க நம்பறாரு? போன தடவையே, நீங்க சும்மா இருங்க சார், அவங்க சொல்லட்டும்னாரே."

"உண்மையைச் சொன்னா தள்ளிப் போட்டுடுவாரு, பாப்பா. இன்னும் மூணு மாசம்."

"பொய் சொன்னா? வெட்டின எலும்பு புகையால கூடாமப் போச்சுன்னா யாருண்ணா பதில் சொல்றது? நானா?"

அவரால் உட்கார முடியவில்லை. ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்தால் இடுப்பிலிருந்து பாதம்வரை நெருப்பு இறங்கும். நிற்கவும் முடியவில்லை. மேசைக்கும் கதவுக்குமாக நடந்தார். ஏதாவது சொல்லிவிட வேண்டும், சொல்லு என்றோ சொல்லாதே என்றோ. கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவருகே திரும்பும்போது இடது காலின் செருப்பு கழன்று அங்கேயே கிடந்தது. வெறும் பாதம் தரையில் பட்டதுகூட அவருக்குத் தெரியவில்லை. ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுமையுமாக, ஏதோ யோசித்தபடி, மேசையை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார்.