அகஸ்டினின் வால்வு

தவக்காலத்து முதல் வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையின்போது, ராஜா அண்ணாமலைபுரம் அகஸ்டினின் மார்பிலிருந்து மட்டன் பிரியாணி செய்முறை ஒலிபரப்பானது. கறியைத் தயிரில் ஊறவைக்கச் சொன்ன குரல் தெளிவாகவே இருந்தது. புதினா விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கரகரத்தது. பங்குத்தந்தை அடுத்த ஸ்தலத்துக்கு நகர்ந்தார். பக்கத்தில் முழந்தாளிட்டிருந்தவர்கள் தள்ளிப் போனார்கள். அகஸ்டின் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, "மேல இருந்துகினு அவதான் போடுறா" என்றார். அவள் என்றால் தங்கை பிரிஸில்லா. மேலே என்றால் மாடி, பரலோகம் அல்ல.

ஒரே வீட்டில் அண்ணன் கீழே, தங்கை மேலே. வீட்டைச் சரிபாதியாக எழுதிவைத்த அப்பா, தன் வால்வு ரேடியோவை மறந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். ரேடியோவைப் பாதியாக்க முடியாததால் இருவரும் பகையாளிகளானார்கள். அவர் வேட்டி காயப்போட்டால் மாடியிலிருந்து மீன் கழுவிய தண்ணீர் விழும். அவள் தலையில் சீயக்காய் தேய்த்த நேரம் பார்த்துக் கீழே மோட்டார் நிற்கும். பேச்சு கிடையாது, காறிக் கனைப்பது மட்டும் உண்டு. போன வருடம் அகஸ்டின் ரேடியோவை மயிலாப்பூரில் கடை வைத்திருக்கும் கரீமுல்லாவிடம் கொடுத்து, ப்ளூடூத் வைத்து, செல்போனில் ஓடுவதெல்லாம் அதில் கேட்கும்படி செய்யச் சொன்னார். பாட்டில் ஆசை என்று நினைக்க வேண்டாம். மாடித் தரை அதிர வேண்டும், அவ்வளவுதான். அதே வாரம், இதய வால்வு பழுதென்று அவரை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள்.

ஆபரேஷன் அன்று காலை, மோட்டார் போடக் கீழே வந்த பிரிஸில்லா, அடித்துக்கொண்டிருந்த லேண்ட்லைனை எடுத்தாள். பேசியது கரீமுல்லா.

"வால்வு சுத்தமா போச்சும்மா. புதுசு கிடைக்க நாளாவும். பழசு ஒண்ணு கைல கீது. இன்னா பண்ணட்டும்?"

ஆஸ்பத்திரியிலிருந்து என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"அந்த மூஞ்சிக்குப் புதுசு ஒரு கேடா? பழசையே சொருகி அனுப்புங்க."

"ஓடும். ஆனா சூடேற அரை நிமிஷம் ஆவும்."

"அவன் எப்பவும் அப்டித்தான்."

கரீமுல்லா பழைய வால்வைச் சொருகிக் கையை எடுத்ததும், அது ரேடியோவில் இல்லை. ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்த மருத்துவர்கள், உள்ளே ஒரு கண்ணாடி வால்வு இளஞ்சிவப்பாக எரிவதைப் பார்த்து, ஓடுகிறதைக் கெடுப்பானேன் என்று தைத்து மூடினார்கள். வால்வு இல்லாத ரேடியோவும் கடையில் நன்றாகவே பாடியது.

அகஸ்டின் வீடு திரும்புமுன் ரேடியோ வந்துவிட்டது. பிரிஸில்லா அதை மாடிக்குத் தூக்கிப்போய்த் தன் செல்போனோடு இணைத்தாள். அதை அணைத்தால் கீழே அண்ணன் விழும் சத்தம் கேட்கிறது, போட்டால் எழுந்துகொள்கிறார் என்பதை விரைவிலேயே கண்டுபிடித்தாள். பிரியாணி அதற்குப் பிறகு வந்ததுதான். கோயிலிலிருந்து நேராக மாடியேறிய அகஸ்டின், வருடக்கணக்கில் தட்டாத கதவைத் தட்டினார்.

"ரேடியோவைக் குடு."

"இது என்னுதுன்னு சொல்லு. காலம்பூரா அணைக்காம வெச்சுக்கறேன்."

"அப்பா எனக்குத்தான் வாங்குனாரு."

அவள் குமிழைத் திருகினாள். அவர் நீலம் பாரித்துக் கதவோரம் சாய்ந்தார். மறுபடி திருகினாள். சூடேறிக் கண் திறந்தவர், விட்ட இடத்திலிருந்து, "எனக்குத்தான்" என்றார்.

கோடை முழுக்க இதே கதை. பங்குத்தந்தை சமாதானம் பேச வந்து, சத்தத்தையாவது குறைத்து வைக்கும்படி கேட்டுக்கொண்டு போனார். அப்புறம் ஒருநாள், பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்தடை என்று அறிவிப்பு வந்தது. பிரிஸில்லா இன்வெர்ட்டர் ஒன்றை வாங்கி, ரேடியோவுக்கு மட்டும் இணைக்கச் சொன்னாள்.

"இன்னாமா, பாசம் பொத்துக்கினு வந்துச்சா?" என்றார் கரீமுல்லா, வயரைச் சீவிக்கொண்டே.

"கூடப் பொறந்தவ நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். அவனைக் கொல்ல கரண்ட்டுக்காரன் யாரு?"

மறுநாள் தெருவில் விசிறிகளெல்லாம் நின்றன, அகஸ்டின் நிற்கவில்லை. வாசலில் நாற்காலி போட்டு, மாடியை அண்ணாந்து பார்த்து, தங்கையை வாய் ஓயாமல் வைதுகொண்டிருந்தார். அவள் பதிலுக்கு டெஸ்ட் மேட்ச் வர்ணனையைச் சத்தமாக வைத்தாள். டிவி ஓடாத எதிர்வீட்டு நோயல், ஸ்டூலை எடுத்துவந்து அவர் மார்புக்கு நேரே போட்டு உட்கார்ந்தான்.

"அங்கிள், ஓவர் முடியட்டும், அப்புறமா திட்டுங்க. ஸ்கோர் கேக்கல."