வியாழக்கிழமை வரை கையெழுத்து

…இல்லை என்று சொன்னால் பிள்ளை பொய் சொன்னதாக ஆகிவிடும், ஆமாம் என்று சொன்னால் நானும் கூடச் சேர்ந்து சொன்னதாக ஆகிவிடும், இரண்டுக்கும் நடுவில் ஏதாவது ஒரு பதில் இருக்காதா என்று தேடிக்கொண்டு இந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், முழங்கால் மோவாயில் இடிக்கிறது, ஏழு வயசுக்கு அளவெடுத்துச் செய்த நாற்காலியில் முப்பத்தாறு வயசை உட்கார வைத்தால் வேறு எப்படி இருக்கும், ஒருவேளை வேண்டுமென்றேதான் போட்டிருக்கிறார்களோ, வருகிற அப்பா அம்மா எல்லாம் உட்கார்ந்த மாத்திரத்திலேயே தப்பு செய்தவர்கள் மாதிரி ஆகிவிடட்டும் என்று… எதிர்ச் சுவரில் வரிசையாகக் கொக்கிகள், கொக்கிக்கு ஒரு பை, அதில் மூன்றாவது என் வாண்டுவின் பை, ஜிப் பாதி திறந்து, உள்ளே தண்ணீர் பாட்டில் எட்டிப் பார்க்கிறது. மணி இரண்டு ஐம்பது. மத்தியானம் வேலையில் இருக்கும்போது டீச்சரிடமிருந்து செய்தி வந்தது. உங்கள் மகளின் வாசிப்பு அட்டையில் வருகிற வியாழக்கிழமை வரை கையெழுத்து இருக்கிறது, கேட்டால் அம்மா ஊருக்குப் போகிறார்கள், அதனால் முன்னாடியே போட்டுவிட்டார்கள் என்கிறாள், மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் வர முடியுமா. இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. நான் எந்த ஊருக்கும் போகவில்லை.

எல்லாம் அந்தக் கையேட்டால் வந்த வினை. சேர்த்த அன்றைக்கே கையில் கொடுத்தார்கள், குடும்பங்களுக்கான கையேடு, மொத்தம் நாற்பத்திரண்டு விதி, பென்சில் இரண்டு, இரண்டும் சீவியிருக்க வேண்டும், பாட்டிலிலும் மூடியிலும் தனித்தனியாகப் பெயர் எழுத வேண்டும், திங்கட்கிழமை நகம், பொம்மை கொண்டுவரக் கூடாது, எட்டரைக்குக் கேட் மூடப்படும், அதற்கப்புறம் வந்தால் சீட்டு, மூன்று சீட்டு சேர்ந்தால் தலைமையாசிரியை, வாசலில் மஞ்சள் கோடு, பெற்றோர் கோட்டைத் தாண்டக் கூடாது, அங்கேயே ஒரு முத்தம், ஒரு டாட்டா, திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும், பார்த்தால் பிள்ளை அழுமாம், பிள்ளை எங்கே அழுதது, நான்தான் முதல் வாரம் முழுக்க மூக்கைச் சிந்திக்கொண்டு பஸ் ஏறினேன். கடைசிப் பக்கத்தில் ‘படித்தோம், புரிந்துகொண்டோம்’ என்று ஒரு துண்டு, கிழித்துக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். படிக்காமல்தான் போட்டேன். என் வீட்டுக்காரர் அதைக்கூடப் பார்க்கவில்லை, எங்கே போடணும் என்று கேட்டார், விரலை வைத்துக் காட்டினேன், போட்டார். எல்லா வீட்டிலும் அப்படித்தானே நடக்கும்… நடக்குமா? மற்ற நாற்பத்தொன்றில் என்னைக் குறை சொல்ல ஒரு ஆள் கிடையாது. நகம், பென்சில், மூடி, எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். இந்தப் பதினேழாவது விதிதான் என் காலை வாரிவிட்டது.

பதினேழு: குழந்தை தினமும் இருபது நிமிடம் வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு உரக்க வாசித்துக் காட்ட வேண்டும், கேட்டவர் அன்றைக்கே அட்டையில் கையெழுத்திட வேண்டும். தினமும் என்று எழுதியவர் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு தடவை எங்கள் வீட்டுச் சமையலறையைப் பார்த்திருக்க வேண்டும். வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர், எந்தக் கட்டடத்தில் எத்தனை மணிக்கு எந்த லிஃப்ட் நிற்கும் என்று அவருக்கே தெரியாது, ஆக அட்டை என் தலையில். ஞாயிற்றுக்கிழமை துணி மடித்து முடித்ததும் மேசையில் உட்கார்ந்து முடிந்த வாரத்தின் ஏழு நாளுக்கும் மொத்தமாகப் போட்டுவிடுவேன், அதிலும் கெட்டிக்காரத்தனம் பாருங்கள், மூன்று பேனா, திங்கள் நீலம், செவ்வாய் கறுப்பு, புதனுக்கு அந்த மங்கலாக எழுதுகிற பேனா, ஒரு நாள் கொஞ்சம் சாய்த்து, ஒரு நாள் அவசரத்தில் போட்ட மாதிரி ஒரு இழுப்பு. அடிப்பாவி, அந்த நேரத்தில் ஒரு நாள் வாசிப்பைக் கேட்டிருக்கலாமே. போன ஞாயிறு அக்காவோடு போனில் பேசிக்கொண்டே போட்டேன், அக்காவுக்கு முதுகு வலி, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை என்று அவள் சொல்லச் சொல்ல நான் ம், ம் என்று பேனாவை மாற்றி மாற்றி… கை பாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டி அடுத்த வாரத்துக்குள் இறங்கி வியாழன் வரை போய்விட்டது. அதையும் கவனிக்காமல் பையில் வைத்து அனுப்பினேன். எதிரில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள் வாண்டு. பார்த்திருப்பாள். ஒவ்வொரு ஞாயிறும் பார்த்திருப்பாள், இல்லையா? ஒரு நாள்கூட ஒன்றும் கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை நீலப் பேனா காணாமல் போனபோது அவளேதான் தேடி எடுத்துக் கொடுத்தாள்.

இதில் என் வேலையை நினைத்தால்தான் சிரிப்பு வருகிறது, சிரிப்பா அது? பார்சல் அலுவலகத்தில் கவுண்டர். நாள் முழுக்க நான் சொல்கிற ஒரே வாக்கியம், இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்க. இன்றைக்கு மத்தியானம்கூட ஒருத்தர், பஸ் வந்துரும்மா, கையெழுத்த இப்பவே போட்டுடறேன், நீங்க உள்ளே இருந்து எடுத்துட்டு வாங்க என்றார், நான் ரசீதை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன், பொருள் கைக்கு வராம கையெழுத்து வாங்க மாட்டேன் சார், நாளைக்கு வரவே இல்லைன்னு நீங்களே வந்து நிப்பீங்க. அவர் முகம் சுருங்கிப் போயிற்று. பின்னால் எடை போடுகிற தராசண்ணன், “உன்கிட்ட மட்டும் ஒருத்தனும் வாலாட்ட முடியாதும்மா” என்றார். எனக்கு அப்படியே பூரிப்பு. அடுத்த அரை மணியில் டீச்சரின் செய்தி. யார் வீட்டுக்கோ போகிற பார்சலுக்கெல்லாம் அத்தனை கறார், என் வீட்டுக்கு வந்ததற்கு… சரி, மூன்றடிக்கப் போகிறது, யோசி. ஆமாம் டீச்சர், ஊருக்குப் போகிறேன். நாலு வார்த்தை. பிள்ளை மானமும் தப்பும், என் மானமும் தப்பும். ஆனால் அவள் பக்கத்தில் நின்று கேட்பாளே, நான் சொல்வதைக் கேட்டு ஓ இப்படித்தான் செய்ய வேண்டும் போல என்று… ஏழு வயசில் ஞாயிற்றுக்கிழமைப் பேனாக்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டது போதாதா? வாய் கூசாமல் சொல்லியிருக்கிறாள். யாரைக் காப்பாற்ற? தன்னையா? அவள் என்ன தப்பு செய்தாள், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள…

மணி அடித்தது, பிள்ளைகள் கொட்டின நெல்லிக்காய் மாதிரி வெளியே ஓடினார்கள், ஒவ்வொரு கொக்கியாகக் காலியானது, மூன்றாவது பை மட்டும் தொங்கியது. “உள்ளே வாங்கம்மா” என்றார் டீச்சர். என்னைவிடச் சின்னப் பெண், ஜலதோஷம், கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. அங்கேயும் குட்டி நாற்காலிதான். மேசைக்கு அந்தப் பக்கம் வாண்டு நிற்கிறாள், காலையில் நான் போட்டுவிட்ட இரட்டைப் பின்னலில் ஒன்று அவிழ்ந்து, என்னைப் பார்த்ததும் கண்ணை லேசாக விரித்தாள், பயமில்லை, எச்சரிக்கை, நான் சொன்னதை மாற்றிச் சொல்லிவிடாதே என்கிற மாதிரி. அட்டை மேசைமேல் கிடக்கிறது. நீலம், கறுப்பு, மங்கல். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எவ்வளவு அசடு, அத்தனை இழுப்பும் ஒரே கை. “எந்த ஊருக்குப் போறீங்க?” என்று டீச்சர் சாதாரணமாகத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், “பெரியம்மா வீட்டுக்கு டீச்சர், பெரியம்மாவுக்கு முதுகு வலி, உக்காந்தா எழுந்திரிக்க முடியல, கூட ஆள் வேணும்ல” என்றாள். அக்கா சொன்னது, அப்படியே, ஒரு வார்த்தை பிசகாமல். நான் போனில் பேசுவதெல்லாம் இவள் காதில் விழுகிறது. விழுந்ததை எடுத்து எனக்காக ஒரு பொய்யைத் தைத்து, பொத்தான் வரைக்கும் வைத்துக் கொடுக்கிறாள், நான் போட்டுக்கொண்டால் போதும்.

“இல்லை டீச்சர்” என்றேன். “நான் எங்கேயும் போகலை. வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை மொத்தமாப் போட்டுடுவேன். இந்த வாரம் கை தவறி முன்னாடி போயிடுச்சு. என்னை விட்டுக் கொடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கா, அவளைத் திட்டாதீங்க.” சொல்லிவிட்டு வாண்டுவைப் பார்த்தேன், அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், காது இரண்டும் சிவந்துபோய். டீச்சர் தும்மினார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அப்போ வீட்டுல வாசிக்கிறதே இல்லையா? வகுப்புல இவதான் தடங்கல் இல்லாம வாசிக்கிறா, அதான் எனக்குக் குழப்பமா இருந்தது.” அதற்குள் வாண்டு தரையைப் பார்த்தபடியே, “நான் தினமும் வாசிக்கிறேன்” என்றாள். யாருக்கு என்று கேட்டார் டீச்சர். விரல் என் பக்கம் நீண்டது. “சமையல்கட்டுக் கதவுகிட்ட உக்காந்து வாசிப்பேன். அம்மா வேலை செஞ்சுக்கிட்டே கேப்பாங்க. நடுவுல நடுவுல ம் சொல்லுவாங்க.” ஆறு மணிக்கு, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, பாத்திரம் தேய்த்துக்கொண்டு, தினமும் அக்காவுக்கு நான் சொன்ன ம். அத்தனையையும் பிள்ளை தன்னுடையது என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. கதவுப் பக்கம் ஏதோ முணுமுணுப்பு, ஆமாம், கேட்டது, தெருவில் வண்டி போகிற மாதிரி கேட்டது. தன்னோடு பேசிக்கொண்டு விளையாடுகிறாள் என்று நினைத்தேன். டீச்சர் என்னைப் பார்த்தார், புரிந்துவிட்டது அவருக்கு. அட்டையை என் பக்கம் நகர்த்தினார். “இந்தக் கையெழுத்தை நான் அடிக்கலைம்மா. வியாழக்கிழமை வரைக்கும் கேட்டுடுங்க, அப்போ கையெழுத்து சரியாயிடும்.” அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மஞ்சள் கோட்டைத் தாண்டும் வரை கையைக் கொடுக்கவில்லை, பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். கோட்டைத் தாண்டினதும், “நீ மாட்டிக்கக் கூடாதுன்னுதானே நான் சொன்னேன்” என்றாள். தெரியும்டி. “அப்புறம் ஏன் நீயே மாட்டிக்கிட்டே?” பொய் சொல்லக் கூடாதும்மா என்று வாய் வரை வந்தது, எந்த முகத்தோடு சொல்வது, நாக்கைக் கடித்துக்கொண்டேன். பஸ் நிறுத்தத்தில் பெஞ்சு காலி. பெரியவர்கள் உட்காருகிற பெஞ்சு, அப்பாடா, கால் நீட்டினேன். இன்றைக்கே ஆரம்பித்துவிட வேண்டும், வீட்டுக்குப் போனால் பாத்திரம், போன், அவர் வருவார், இங்கேயே, இப்போதே. போனை எடுத்துச் சத்தத்தை நிறுத்திப் பைக்குள் போட்டேன். “வாசி, கேக்கறேன்” என்றேன். சந்தேகமாகப் பார்த்தாள். “இங்கேயா?” இங்கேதான். புத்தகத்தை எடுத்து மடியில் விரித்தாள்.

ஒரு ஒட்டகம் மழைக்கோட்டு வாங்கக் கடைக்குப் போனது. கடைக்காரர் பெரியது காட்டினார், இன்னும் பெரியது காட்டினார். எதுவும் திமிலுக்கு மேல் ஏறவில்லை… சிரித்துவிட்டேன், அவளும் சிரித்தாள், அப்பப்பா, அந்தச் சிரிப்பு. எவ்வளவு தெளிவாக வாசிக்கிறது, போன வருஷம் வரிக்கு அடியில் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளிக்கொண்டு போகும், அந்த விரல் எப்போது போனது, எந்த நாளில், நான் அன்றைக்கும் கையெழுத்துப் போட்டிருப்பேன், நீலமா கறுப்பா… கேள்விக்குறி வந்தால் குரலைத் தூக்குகிறாள், அக்கா மாதிரியே, அக்கா சின்ன வயசில் இப்படித்தான் பாடப் புத்தகத்தை நாடகம் மாதிரி வாசிப்பாள், அவளிடம் சொன்னால் சந்தோஷப்படுவாள், அவளுக்கு முதுகு எப்படி இருக்கிறதோ, டாக்டரைப் பார்த்தாளா இல்லையா, இன்றைக்கு ஆறு மணிக்குக் கூப்பிட முடியாது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கோவித்துக்கொள்வாள், ஆறரைக்குக் கூப்பிடுகிறேன் என்று சொன்னால் ஆயிற்று, இவள் இருபது நிமிடம் வாசித்து முடித்ததும், அல்லது அக்காவுக்குக் காலையிலேயே, இல்லை காலையில் பின்னல், பென்சில், எட்டரைக்குக் கேட், முடியாது, மத்தியானம் கவுண்டரிலிருந்து பேசலாமா, தராசண்ணன் ஒன்றும் சொல்ல மாட்டார், அவரிடம் இன்றைக்கு நடந்ததைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார், பொருள் வராமல் கையெழுத்துப் போட்ட கதை, இனிமேல் அப்படி இல்லை, இனிமேல் தினமும் இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல்… ம்…

“அம்மா.”

“ம்.”

“நான் நிறுத்தி ரொம்ப நேரமாச்சு.”

புத்தகம் மூடியிருக்கிறது. ஒரு விரல் மட்டும் பக்கத்துக்கு அடையாளமாக உள்ளே. தெரு முனையில் எங்கள் பஸ் திரும்புகிறது. ஒட்டகத்துக்கு மழைக்கோட்டு கிடைத்ததா என்று கேட்கப் போனேன், கேட்டால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். அவள் கோபப்படவில்லை. விரலை உருவிப் புத்தகத்தைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள், பிறகு என் கையைத் தானாகவே வந்து பிடித்துக்கொண்டாள்.

“பரவாயில்லைம்மா. இன்னிக்குக் கையெழுத்துதான் போட்டாச்சே.”