இரண்டு அங்குலம் கூடுதலான துப்பாக்கி

வெர்னாவுக்கு உயரம் ஐந்தடி, அதுவும் பூட்ஸ் போட்டுக்கொண்டால். அவளுடைய துப்பாக்கியோ கிளெமுக்காகச் செய்தது. கிளெம் எந்த வீட்டு வாசலிலும் குனிந்துதான் நுழைவான். கழுத்து மட்டுமே ஒரு முழம் இருக்கும். அவன் புதிது வாங்கியபோது பழையதை வெர்னா ஆசைப்பட்டு வாங்கிக்கொண்டாள். யார்க் தீபகற்பத்தில் எந்தத் துப்பாக்கிக் கிளப்பிலும் அப்படியொரு குழல் கிடையாது என்று எல்லாரும் சத்தியம் செய்வார்கள். குழலில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் பின்னால், தோளில் முட்டுகிற மரக்கட்டையில்தான்.

கட்டையை முழங்கை மடிப்பில் வைத்துக் கையை மடக்கினால் விரல் விசையைத் தொட வேண்டும், அதுதான் அளவு. வெர்னாவின் விரல் இரண்டு அங்குலம் இந்தப் பக்கமே நின்றுவிடும். சுடுவதற்குப் பாயில் குப்புறப் படுத்தால், ஆமை ஓட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டுவது போலக் கழுத்தை நீட்ட வேண்டும். அப்படியும் குறி பார்க்கிற வளையத்தில் தெரிவது அரை நிலாதான். சனிக்கிழமைதோறும் சுட்டுவிட்டு வருவாள். வீட்டுக்காரர் ராய்ஸ் கழுத்துக்குத் தைலம் தேய்ப்பார்.

இரண்டு வருடமாக இதே பேச்சு. முன்னும் பின்னும் நகர்த்துகிற புதுக் கட்டை போடலாம். ஆனால் அந்தக் கட்டையின் விலையில் இன்னொரு துப்பாக்கியே வாங்கிவிடலாம். இருக்கிற கட்டையை அறுத்துக் குட்டையாக்கலாம். அறுத்துவிட்டால் பிறகு உயரமானவர்கள் யாரும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அல்லது விற்றுவிடலாம். விற்றால் இன்னொன்று வாங்க முடியாது, பள்ளிப் பேருந்து ஓட்டுகிற சம்பளத்தில். விற்பது என்றால் சுடுவதையே விடுவது. அது வெர்னாவுக்குத் தெரியும். அதனால்தான் இரண்டு வருடமாக ஒரு முடிவும் எடுக்காமல் கழுத்தை நீட்டிக்கொண்டே இருந்தாள்.

கோப்பைப் போட்டியன்று காலை அந்தத் துப்பாக்கியை விலைக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிற பக்கத்து ஊர் ஹெக்டர் வந்து இறங்கினான். ஆறடி மூன்று அங்குலம், அகலத்துக்கும் குறைவில்லை. வண்டியின் முன்சீட்டில் கம்பளியை மடித்து, குழந்தையைப் படுக்கவைக்கிற மாதிரி இடம் தயார் செய்திருந்தான்.

"என்ன வெர்னா, எம் புள்ளய கூட்டிட்டுப் போகலாமா?"

"சாயங்காலம் சொல்றேன்னு சொன்னேன்ல. இப்போ மணி ஒம்போதுதான் ஆகுது."

"ரெண்டு வருஷமா உனக்கு மணி ஒம்போதுதான்!"

ராய்ஸ் தேநீர்க் குவளையோடு வந்து நின்றார். "குடுத்துடேன் வெர்னா. படகுக்கு மோட்டார் வாங்கலாம். என் கையும் தைல நாத்தம் இல்லாம இருக்கும்."

கிளெம் ஓடி வந்தான். கிளப்பின் தலைவர் அவன்தான். "ராய்ஸ், வாய மூடுய்யா! வெர்னா விக்கக் கூடாது. வெர்னா ஜெயிக்கணும்!"

"ஏன், அவ மேல அவ்வளவு பாசமா?" என்றார் ராய்ஸ்.

"பாசமா? போன வருஷம் என்னைத் தூக்குனீங்களே, ஞாபகம் இல்ல?"

ராய்ஸின் கை தானாக இடுப்புக்குப் போனது. கிளப் வழக்கப்படி, கோப்பையை வென்றவரைச் சமையலறை நாற்காலியில் உட்காரவைத்து, தோற்றவர்களில் முதல் நான்கு பேர் ஆளுக்கொரு நாற்காலிக் காலைப் பிடித்துத் தேநீர்க் கொட்டகை வரைக்கும் தூக்கிப்போக வேண்டும். போன வருடம் கிளெமைத் தூக்கியவர்களில் ராய்ஸும் இன்னொருவரும் ஒரு வாரம் செருப்பு மாட்டக்கூடக் குனியவில்லை. அதனால் கிளப் முழுக்க இப்போது ஒரே பிரார்த்தனைதான்: ஜெயிக்கிறவர் ஒல்லியாக இருக்க வேண்டும்.

"உன்னைத் தூக்குறதுன்னா நான் ஒத்தையா தூக்கிடுவேன் வெர்னா, ஒரு கையில கறி வச்ச பேஸ்டி தின்னுக்கிட்டே," என்றான் கிளெம்.

வெர்னாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபோது கழுத்து சுளுக்கிக்கொண்டது.

முதல் சுற்று, பத்துக் குண்டு. வெர்னாவின் இலக்கு ஆறாம் எண். இடது பக்கப் பாயில் ஹெக்டர், அவன் இலக்கு ஐந்தாம் எண். கடல் காற்று வாற்கோதுமைக் காட்டைப் படுக்கவைத்துக்கொண்டிருந்தது. ஒன்பது குண்டு வரைக்கும் வெர்னா ஆமையாகத்தான் இருந்தாள். நான்கு, ஐந்து, நான்கு என்று தட்டுத்தடுமாறி நாற்பத்தொன்று சேர்ந்தது. பத்தாவது குண்டுக்கு முன் கழுத்து வலி பொறுக்கவில்லை. 'போயேன் சனியனே' என்று உடம்பைத் தளரவிட்டாள். பாயில் கோணலாகச் சரிந்தாள். கட்டை தோளை விட்டு நழுவிக் கைச்சதையில் உட்கார்ந்தது. கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டாள்.

கண்ணைத் திறந்தால், ஐயோ, வளையத்துக்குள் முழு நிலா! வட்டம், அதன் நடுவே கறுப்புப் புள்ளி. இரண்டு வருடத்தில் ஒரு நாளும் பார்க்காத அழகு. அந்த அழகில் மயங்கி, இலக்கின் மேலிருக்கும் எண்ணைப் பார்க்க மறந்து, விசையைத் தொட்டாள். அதே நொடியில் ஹெக்டரும் சுட்டான்.

ஆறாம் இலக்கு அசையவே இல்லை. ஐந்தாம் இலக்கைத்தான் பள்ளத்திலிருந்த ஆட்கள் குறி பார்க்கக் கீழே இறக்கினார்கள். மேலே வந்தபோது அதில் இரண்டு குறி: ஒன்று விளிம்பில், இன்னொன்று நட்ட நடுவில், திருஷ்டிப் பொட்டு வைத்த மாதிரி.

கிளெம்தான் வெர்னாவுக்குப் புள்ளி எழுதினான். தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே முனகினான். "வெர்னா... நீ சுட்டது அடுத்த வீட்டு மாட்ட."

ஒரே நேரத்தில் இருவர் குண்டும் ஒரே இலக்கில் விழுந்தால், எது யாருடையது என்று தெரியாவிட்டால், இலக்குக்கு உரியவருக்கு நல்லதைக் கொடுக்க வேண்டும் என்பது விதி. விளிம்பில் விழுந்தது ஹெக்டருடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, ஹெக்டர் உட்பட. ஆனால் அதற்குச் சாட்சி இல்லை; அதனால் இரண்டுக்குப் பதில் ஐந்து அவனுக்கு. வெர்னாவுக்குப் பூஜ்யம்.

ஹெக்டர் பாயிலேயே உருண்டு சிரித்தான். "பாத்தீங்களா! இன்னும் வாங்கவே இல்ல, அதுக்குள்ள எனக்காகச் சுடுது! முதலாளி யாருன்னு துப்பாக்கிக்கே தெரிஞ்சுபோச்சு!"

எல்லாரும் சிரித்தார்கள். வெர்னாவும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரிக்கும்போதே அவள் கை சட்டைக்குள் போய், கட்டை முட்டிய இடத்தைத் தடவிப் பார்த்தது. தோளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, கைச்சதையில் சூடாக இருந்தது. கோணலாகப் படுத்ததால் துப்பாக்கி அவள் பக்கமாகக் கொஞ்சம் உள்ளே வந்திருக்கிறது. அதனால்தான் முழு நிலா. அந்த நிலா நேராகப் படுத்தாலும் வர வேண்டும், அவ்வளவுதானே?

மதிய இடைவேளை. பேஸ்டி, தக்காளி சாஸ், தேநீர். வெர்னா வெடிக்காமலிருக்கத் துப்பாக்கியின் போல்ட்டைக் கழற்றிக் கிளெமிடம் கொடுத்தாள். துப்பாக்கியை மேசைமேல் கிடத்தினாள்.

"ராய்ஸ், வண்டியில ரம்பம் இருக்கா?"

ராய்ஸ் தச்சர். ரம்பம் இல்லாமல் அவர் தேவாலயத்துக்குக்கூடப் போனதில்லை. ஆனாலும் கேட்டார், "எதுக்கு?"

"மோட்டார் இல்லாமலே இன்னும் கொஞ்ச நாள் துடுப்பு போடு கண்ணு."

அவர் அவளைப் பார்த்தார். இரண்டு வருடமாக அவள் முகத்தில் பார்க்காத ஏதோ ஒன்று தெரிந்தது போலிருக்கிறது. போய் ரம்பத்தோடு வந்தார். கட்டையின் முனையிலிருந்த ரப்பரைத் திருகாணி கழற்றி எடுத்தார். பென்சிலால் கோடு போட்டார், ரம்பத்தை வைத்தார்.

ஹெக்டர் கையிலிருந்த பேஸ்டி பாதி வாயில் நின்றது. "யோவ்! என்ன பண்றீங்க? நல்ல வால்நட் மரம்யா அது!"

"நான் அறுக்கவா, வேண்டாமா?" ராய்ஸ் கேட்டது வெர்னாவை மட்டும்.

"அறு."

"வேணாம்! நான் இன்னும் கொஞ்சம் சேத்துக் குடுக்கறேன்!"

"சீக்கிரம் அறுய்யா, அவன் விலைய ஏத்துறான்!" என்றாள் வெர்னா.

கர்ர், கர்ர் என்று ரம்பம் ஓடியது. ஹெக்டர் காயடிக்கப் போகிற கடாவைப் போல ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு சத்தம் போட்டான். மரத்தூள் பறந்து அவன் தேநீரில் விழுந்தது. இரண்டு அங்குலத் துண்டு மேசையில் உருண்டதும் அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "எனக்குப் பொருந்தின பாகம் இதுதான். இதாவது எனக்கு."

இரண்டாம் சுற்றில் வெர்னா நேராகப் படுத்தாள். கழுத்து இருந்த இடத்திலேயே இருந்தது. இலக்கின் எண்ணை மூன்று முறை வாய்விட்டுப் படித்தாள். ஆறு, ஆறு, ஆறு. முழு நிலா. ஐந்து. அடுத்தது ஐந்து. கிளெம் ஐந்து ஐந்தாக எழுதிக்கொண்டே போனான். பத்துக் குண்டுக்கும் ஐம்பது!

மொத்தம் தொண்ணூற்றொன்று. கிளெம் தொண்ணூறு. ஹெக்டர் தொண்ணூற்றிரண்டு.

 எல்லாருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது: ஹெக்டரை ஜெயிக்கவைத்தது வெர்னாவின் குண்டு. இனி ஹெக்டரைத் தூக்க வேண்டும்.

"அடிப்பாவி," என்றார் ராய்ஸ், ஏற்கெனவே இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

இரண்டாவதாக வந்தவர் நாற்காலியின் முன் இடது காலைப் பிடிக்க வேண்டும் என்பது கிளப் வழக்கம். அங்கே வெர்னா, எதிரே கிளெம். பின்னால் ராய்ஸும் இன்னொருவரும். ஹெக்டர் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை போல உட்கார்ந்தான். "ஒண்ணு, ரெண்டு, மூணு!" தூக்கியதும் நாற்காலி வெர்னா பக்கம் சரிந்தது. ஹெக்டர் அலறிக்கொண்டு சட்டைப்பையிலிருந்த மரத்துண்டை எடுத்து நீட்டினான். "இந்தா, இந்தா, தோளுக்கும் காலுக்கும் நடுவுல வை!"

வெர்னா வைத்தாள். இன்னும் ஓரடி போதவில்லை. ஊர்வலம் நண்டு போலப் பக்கவாட்டில் நடந்தது. வெர்னாவுக்குச் சிரிப்பில் கால் நிற்கவில்லை. வலித்தது தோள்தான், கழுத்து அல்ல.

"வெர்னா," மேலிருந்து ஹெக்டர் குனிந்து கெஞ்சினான், "குட்டையா இருந்தாலும் பரவால்ல. இப்பவும் கேக்கறேன், குடுப்பியா?"

"இன்னொரு தடவ கேளு," என்றாள் வெர்னா, "கால விட்டுடறேன்."

கொட்டகை வருகிற வரைக்கும் அவன் வாயைத் திறக்கவே இல்லை.