இரண்டாம் பாதி இழுக்கிறது

இந்த வருடம் விபூதிப் புதனுக்கு முன் நான் இரண்டு படங்கள் பார்த்தேன். இரண்டும் ரொஷேல் அக்காவுக்காகப் பார்த்தவை. அவளுக்கு வத்தளையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளையின் பெயர் ஜெனிஸ்டன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். பேசிக் கொண்டுவந்தவர் றோஸி அன்ரி. இருவரும் பழகிப் பார்க்க அம்மா சம்மதித்தார், ஆனால் தனியாக இல்லை. அந்தப் புதனோடு தவக்காலம் தொடங்கினால் எங்கள் வீட்டில் படமும் கிடையாது, கலியாணப் பேச்சும் கிடையாது. அதற்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆகவே இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், பூசைக்குப் போய்ச் சாப்பிட்டு முடிந்ததும், கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு பஸ் ஏறினோம். தியேட்டரில் ஒரு பக்கம் அக்கா, மறு பக்கம் அவர், நடுவில் நான்.

நான் வீட்டில் சும்மா இருப்பவள் என்பதால்தான் என்னை அனுப்பினார்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டேன். ஏன் என்று யாராவது கேட்டால், சிலருக்கு இறால் ஒத்துக்கொள்ளாததுபோல, "அவளுக்குச் சனம் ஒத்துக்கொள்ளாது" என்று அம்மா சொல்வார். பார்க்கிற படங்களைப் பற்றி தடித்த மட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைப்பேன். நுவரெலியாக் குளிருக்கு வாங்கிய கம்பளிச் சட்டைகளுக்குக் கீழே அது இருக்கிறது. கொழும்பு வெக்கையில் அந்த அலுமாரித் தட்டை யாரும் தொடுவதில்லை.

முதலாவது பொலிஸ் படம். ஒரு கொலை, மூன்று சந்தேகநபர்கள். பொலிஸ்காரர் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் தூங்கிவிடுகிறார். அந்த இடம் எனக்குப் பிடித்தது. இடைவேளைக்குப் பிறகு, தனக்கு ஒரு மனைவி இருந்து இறந்துபோனது அவருக்கு நினைவு வருகிறது. மூன்று பாட்டோடு நாற்பது நிமிடம் நினைக்கிறார். கொலைகாரன் அதுவரை எங்கேயோ காத்திருக்கிறான்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அக்கா குளிக்கப் போயிருந்தாள்.

"எப்பிடி?" என்று கேட்டார்.

"பரவாயில்லை. பாதிக்குப் பிறகு கொஞ்சம் இழுக்குது."

துருவுகிற சத்தம் நின்றது. "சரியா இழுக்குதா?"

"பொறுத்துக்கொள்ளலாம்."

அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். ஒரு படத்துக்கு அது அதிகம் என்று எனக்குப் பட்டது.

இரண்டாவது காதல் படம். ஒருத்தியின் பின்னால் ஒருவன் அலைகிறான். அவள் நான்கு தரம் வேண்டாம் என்கிறாள். ஐந்தாம் தரம் மழை பெய்கிறது, சம்மதிக்கிறாள். மழையைத் தவிர வேறென்ன மாறியது என்று எனக்கு விளங்கவில்லை. தியேட்டரே விசிலடித்தது. ஜெனிஸ்டன் மட்டும் என் பக்கம் குனிந்து, "நாலு தரம் வேண்டாமெண்டு சொல்லீற்றாவே, பிறகென்ன கேள்வி?" என்றார். அக்கா சிரித்தாள்.

"இண்டைக்கும் இழுத்ததா?" என்று அம்மா கேட்டார்.

"போன கிழமையைவிட மோசம். தொடக்கத்திலயிருந்தே."

வியாழக்கிழமை பின்னேரம் றோஸி அன்ரி மூச்சு வாங்க வந்து அம்மாவிடம் சொன்னார்.

"பிறிஜெற், நீ சொன்னதை நான் பக்குவமாத்தான் விசாரிச்சனான். அந்த மனுசி என்னைக் கடிக்காத குறை! 'என்ர மகனுக்கு மூச்சு இழுப்பு வருத்தமெண்டு ஆர் சொன்னது? கிரேன்ல ஏறுற பிள்ளைக்கா?' எண்டு கத்துறா. இனிச் சம்பந்தம் பேசி வத்தளைப் பக்கமே வரவேண்டாமாம்."

வேலையிலிருந்து அப்போதுதான் வந்த அக்கா, பையைத் தோளில் போட்டபடியே நின்றாள். "ஆருக்கு இழுப்பு?"

"பக்கத்தில இருந்தவள் கண்டிட்டுச் சொன்னவள்," என்றார் அம்மா.

மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் படத்தைச் சொன்னனான்," என்றேன்.

"நான் மாப்பிள்ளையைக் கேட்டா நீ படத்தைச் சொல்லுவியோ?"

"எப்பிடி எண்டு மட்டுந்தானே கேட்டனீங்க."

"சும்மா போடி. அக்கா பாவமெண்டு இப்ப கதையை மாத்துறாய். வருத்தக்காரனுக்குக் கட்டிக் குடுத்திட்டு, ஆஸ்பத்திரியில நானோ காவல் நிக்கிறது?"

அக்கா கதிரையில் உட்கார்ந்தாள். "உண்மையைச் சொல்லு. எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு," என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். அதுவரை அவள் அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

நான் போய்க் கொப்பியை எடுத்து வந்தேன். அக்காவிடம்தான் நீட்டினேன். அம்மா பறித்துக்கொண்டார். கண்ணாடியைப் போட்டு உரத்து வாசித்தார்.

"'இடைவேளைக்குப் பிறகு படம் இழுக்கிறது. மூன்று பாட்டில் இரண்டை வெட்டியிருக்கலாம்.'" அடுத்த பக்கத்துக்குப் போனார். "'நாலு தரம் மறுத்த பிறகு என்ன கேள்வி என்று அவர் கேட்டார். படத்தை எடுத்தவர்களுக்கு இது தோன்றவில்லை.' ஆரடி இந்த அவர்?"

"மாப்பிள்ளைதான்."

"ஐயோ மாதாவே, படமா இழுத்தது!" றோஸி அன்ரி நிலத்தில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார்.

அம்மா சிரிக்கவில்லை. பக்கங்களைப் பின்னால் புரட்டினார். "'நத்தார் விடுமுறையில் பார்த்தது. அம்மா முழுவதும் நித்திரை. குறட்டையில் வசனம் கேட்கவில்லை.' நானா குறட்டை?"

அக்கா கொப்பியை வாங்கி, மூடி, என் கையில் தந்தாள்.

றோஸி அன்ரி எடுத்த அழைப்புகளுக்கு வத்தளையில் யாரும் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு முதல்முறையாக அக்காவே ஜெனிஸ்டனுக்குப் போன் எடுத்தாள். பல்கனியில் நின்று வெகுநேரம் கதைத்தாள். சனிக்கிழமை அவளுடைய போனுக்கு ஒரு எக்ஸ்ரே படம் வந்தது. அவர் யாரும் கேட்காமலே போய் எடுத்தது. கீழே, "தங்கச்சி இதையும் பாத்துச் சொல்லட்டும்," என்று எழுதியிருந்தார். அன்று கொப்பியில் எழுதினேன்: கறுப்பு வெள்ளை. ஒரே காட்சி. இழுவை இல்லை.

அம்மாவுக்கு அதில் விலா எலும்புகள்தான் தெரிந்தன. நெஞ்சு சுத்தம் என்று டொக்டர் எழுதியதை அக்கா வாசித்துக் காட்டினாள். செவ்வாய்க்கிழமை மாலை, விபூதிப் புதனுக்கு முதல் நாள், தானே வத்தளைக்குப் போன் எடுத்தார். பிழை எங்களுடையது என்றார். அந்தப் பக்கம் அவர்கள் பேசி முடிக்க நிறைய நேரம் எடுத்தது. அம்மா "ஓம், ஓம், நியாயந்தான்" என்று நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு அக்காவைப் பார்த்தார். "பாஸ்குத் திருநாளுக்குப் பிறகு ரெண்டாம் சனிக்கிழமை கலியாணம். சரியோ எண்டு கேக்கினம்."

அக்கா அம்மாவின் கையைப் போனிலிருந்து விலக்கிவிட்டு, வத்தளைக்கும் கேட்கும்படி "ஓம்" என்றாள்.