படியோரத்துப் பைப்பு

மூன்றாவது குரோட்டன்ஸ் தொட்டியையும் இழுத்துப் படியோரத்து வெள்ளைச் சிமெண்டுத் திட்டின்மேல் வைத்துவிட்டாள் ஸ்வப்னா. இன்னும் ஒன்று பாக்கி. மூன்றாம் படியில், பார்வை நேராக விழுகிற இடத்தில் அது தேமல் மாதிரி வெளுத்துக் கிடந்தது. அதற்குத் தொட்டி இல்லை. காலில் கிடந்த செருப்பைக் கழற்றி அதன்மேல் விட்டாள். சாவு வீட்டில் செருப்பு எங்கே கிடந்தாலும் யாரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை.

உள்ளே கூடத்தில் மாமனார் சிவதாணுவைக் கிடத்தியிருந்தார்கள். காலையில் இந்தப் படியில் விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் வந்து, பைபாஸ் செய்த நெஞ்சு, அட்டாக்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். "அட்டாக் வந்து விழுந்துட்டாரு" என்று அவள் கணவன் சுஜித் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். விழுந்ததில்தான் அட்டாக் வந்திருக்கும் என்று ஸ்வப்னாவின் மனது சொன்னது.

திருவனந்தபுரம் ஜகதியில் அந்த வீட்டைத் துரை பங்களா என்பார்கள். ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகு மொத்த வியாபாரம் ஓகோவென்று நடந்த காலத்தில் சிவதாணு வாங்கியது. உருண்டைத் தூண்கள், கூரைமுகப்பில் மரச்சட்டம், வாசலில் ஏழு கருங்கல் படிகள். மாடியை ஹோம்ஸ்டே ஆக்கலாம் என்பது ஸ்வப்னாவின் யோசனை. சுஜித்துக்கு விழிஞ்ஞம் துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை. அதனால் இரண்டு மாதமாக அவளே கூடநின்று முகப்பைச் செப்பனிட்டாள். சுவருக்குச் சந்தன நிறம், தூணுக்கு வெள்ளை, கேட்டுக்குக் கறுப்பு. எல்லாம் ஜோராக அமைந்தது, அந்த ஜிஐ பைப்பைத் தவிர. முழங்கால் முட்டு ஆபரேஷனுக்குப் பிறகு மாமனார் பிடித்து இறங்குவதற்காகப் படியோரமாக நாலு கால் ஊன்றி நட்டது அது.

"இது நின்னா போட்டோல ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும், கேட்டோ சேச்சி" என்றான் காண்டிராக்டர் ஜெயகுமார்.

ஹோம்ஸ்டே விளம்பரத்துக்குப் படம் எடுத்ததும் திரும்ப வைத்துக்கொள்ளலாம் என்று நேற்று மதியம் அறுக்கச் சொன்னாள். அறுத்த நாலு இடத்திலும் வெள்ளைச் சிமெண்டு பூசி மூடினான். மாமனார் சாப்பிட்டுவிட்டு உள்ளே படுத்திருந்தார். இரண்டு மாதமாகக் கேட்கிற கிரைண்டர் சத்தம்தானே, எழுந்து வரவில்லை.

அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அவள் மாமனாரிடம் நேருக்கு நேர் பேசியதில்லை. யாரும் பேசாதே என்று சொன்னதுமில்லை. நாஞ்சில் நாட்டிலிருந்து வந்த குடும்பம், பழக்கம் அப்படியே கிடந்தது. காப்பி வேண்டுமா என்பதுகூட அத்தை பகவதியம்மாள் வழியாகத்தான் போகும். ராத்திரி அத்தை சீரியலில் மூழ்கியிருந்தாள். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள், பாவி.

காலையில் மாமனார் பேப்பர் எடுக்க வாசல் கதவைத் திறந்தபோது, பத்தடி தள்ளிக் காப்பித் தம்ளருடன் அவள் நின்றிருந்தாள். மாமா, பைப்பு இல்ல. மூன்றே வார்த்தை. நாக்கு எழவில்லை. சமையலறைக்குத் திரும்பி ஓடினாள். "அத்தை, மாமாகிட்ட சொல்லுங்க, படியில..." அதற்குள் சத்தம் கேட்டுவிட்டது.

இப்போது மழை பிடித்தது. வாசலில் கட்டியிருந்த தார்ப்பாயில் தண்ணீர் தேங்கித் தொய்ந்தது. "முட்டுக்குடுக்க ஏதாச்சும் கெடக்கான்னு பாக்கேன்" என்று சிவதாணுவின் தங்கை மகன் வெங்கிடேஷ் கார் ஷெட்டுக்குப் பின்னால் போனான். ஸ்வப்னாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அங்கேதான் அதைச் சாய்த்து வைத்திருந்தாள்.

பைப்பைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். "இது மாமா பிடிச்சு எறங்குற பைப்புல்லா? யாரு அறுத்தது?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. சுஜித் பைப்பைப் பார்த்தான். பிறகு படியை, தொட்டிகளை. கடைசியாக அவளைப் பார்த்தான். ஐயோ, இதோ முடிந்தது என்று நினைத்தாள்.

"நாந்தான் அறுக்கச் சொன்னேன்." உள்ளே, தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பகவதியம்மாளின் குரல். "பாக்க நல்லா இல்லேன்னு சொன்னேன். அதுக்கென்ன இப்போ? ஆளுக நனையுதுல்லா, முட்டுக்குடுடே."

வெங்கிடேஷ் தார்ப்பாய்க்கு அடியில் பைப்பை நிறுத்தினான்.

வாய்க்கரிசி போடும் நேரத்தில் பகவதியம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்து அருகில் இழுத்தாள். குரல் உயரவில்லை. "காலையில எங்கிட்ட என்னத்துக்குட்டி ஓடி வந்த? ஆள் உனக்கக் கண்ணு முன்னாலல்லா நின்னாரு."

"பயந்துட்டேன் அத்தை."

"அவரு என்ன புலியா? நீ போடுற காப்பி நல்லாருக்குன்னு நித்தமும் சொல்லுவாரு. எங்கிட்ட. அத நானும் உங்கிட்ட சொல்லாம விட்டுட்டேன்." பிடி தளரவில்லை. "இனிமே எங்கிட்ட சொல்லி அனுப்ப முடியாது, பாத்துக்கோ."

ஆம்புலன்ஸ் கேட்டருகே நின்றது. நாலு பேர் தூக்கினார்கள். பெண்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள். முன்னால் பிடித்திருந்த சுஜித்தின் சித்தப்பா நிமிர்ந்தபடியே முதல் படியில் கால் வைத்தார். அடுத்தது இரண்டாம் படி. அதற்கடுத்த படியில், நனைந்து வழுவழுத்துக் கிடந்தது அவளுடைய செருப்பு.

"மாமா!" ஸ்வப்னா கத்தினாள். அந்த வீட்டில் அவள் குரல் அவ்வளவு உயர்ந்து யாரும் கேட்டதில்லை. "மாமா, பாத்து. படியில பைப்பு இல்ல."

தன்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துச் சித்தப்பா நின்றார். குனிந்து பார்த்து, செருப்பைக் காலால் ஒதுக்கினார். வெள்ளைத் திட்டு தெரிந்தது.

"செரி மக்களே, பாத்துதான் எறங்குதோம்" என்றார்.

ஒவ்வொரு படியாக, கால் ஊன்றி ஊன்றி இறக்கினார்கள்.